கதவில் ஒட்டாத தாள்

ஜூன் 10

தம்பிக்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் வயிறு எப்படி இருக்கிறது? நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாய் என்று உன் மனைவி போனில் சொன்னாள். ஒழுங்காக டாக்டரிடம் போ. இதையே போனில் சொன்னால் நீ சீறுவாய், நான் கத்துவேன், யார் முதலில் போனை வைத்தது என்று ஒரு மாதம் சண்டை ஓடும். நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் பத்தாம் வகுப்புக் குடிமையியல் என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்றாம் பாடம், 'சுதந்திரமான, நியாயமான தேர்தல்'. ஆறு பக்கம். நான் வாசிக்க வாசிக்க முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். ஆள் குட்டை, காதருகே விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். வகுப்பே அவளைக் கொசு என்றுதான் கூப்பிடும். "டீச்சர், நம்ம ஸ்கூல்ல மாணவர் தலைவர் யாருன்னு ஹெட்மாஸ்டர்தானே சொல்றாரு? அப்ப இந்தப் பாடம் யாருக்கு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

தலைமையாசிரியரிடம் மூன்று நாள் மல்லுக்கட்டி, இந்த வருஷம் தேர்தல் வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டு. நிஜப் பெட்டி, நிஜச் சீட்டு. நீ பதினாலு வருஷமாகத் தேர்தல் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறாய். ஒரு நாள் இங்கே வந்து பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசேன். அதற்கு முன்னால், சாவடியில் என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பு.

மருந்தை மறக்காதே.

உன் அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். அது என்னைவிட மூத்தது, மரியாதையாக நடத்து. என் வயிறு பரவாயில்லை. டாக்டர் வழக்கம்போல எல்லாவற்றையும் சாப்பிடக்கூடாது என்றார்.

நீ கேட்டதைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மொத்தம் பத்து வேலை. காலிப் பெட்டியை எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் காட்டுவதில் தொடங்கி, மேலிடத்தில் ஒப்படைப்பது வரை. முக்கியமானது, ஓட்டுப் போட்ட அதே அறையில்தான் எண்ணவேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு முகவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கவேண்டும். சந்தேகமான சீட்டை அவர்கள் கண்ணுக்கு நேராகப் பிடி, மேசைக்குக் கீழே பிடிக்காதே.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். முடிவுத் தாள்களில் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிடு. மாலையில் கூட்டிக் கழித்துக் களைத்துப்போன நேரத்தில் கை ஓடாது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

வருவதுதான் கஷ்டம். இங்கே வாக்காளர் பட்டியல் வேலை மூச்சு முட்டுகிறது. அதோடு, பேச எனக்கு எங்கே வரும்? சின்ன வயதில் நம் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நீதானே பேசினாய்.

உன் தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

நீ மெலிந்துவிட்டாய் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, மறைக்காதே. என் கால் மாடிப்படியில் மட்டும் தகராறு செய்கிறது. என் வகுப்போ இரண்டாவது மாடி.

உன் தாள் பிரமாதம். பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கு மனப்பாடம். இரண்டு வேட்பாளர்கள். ஒருவன் கோப்பை. ஓட்டம், பேச்சு, ஓவியம் என்று எதில் பரிசு இருந்தாலும் அவன் வீட்டுக்குத்தான் போகும், அதனால் அந்தப் பெயர். நல்ல பிள்ளைதான், தலைமையாசிரியருக்குச் செல்லம். இன்னொருத்தியைச் சாவி என்கிறார்கள். இரண்டாம் மாடியில் பெண்கள் கழிப்பறையை ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்வையிட அதிகாரிகள் வரும்போது சுத்தமாக இருக்கவேண்டுமாம். "நான் ஜெயிச்சா முதல் வாரம் அந்தப் பூட்டைத் திறக்க வைப்பேன்" என்பதுதான் அவளுடைய வாக்குறுதி. வேறு ஒன்றுமே சொல்லவில்லை. அவளுக்கு முகவர் நம் கொசு.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், கழிப்பறை எல்லாம் ஒரு பேச்சா? நாகரிகமா எதாவது பேசச் சொல்லுங்க" என்கிறார். யார் என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்தால் அது என்ன தேர்தல் என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கத்து அறை கணக்கு வாத்தியார், "ஏன் டீச்சர் உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?" என்கிறார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி ஓட்டு. அன்றைக்காவது வா. நீ வருவதாகப் பிள்ளைகளிடம் பாதி சொல்லிவிட்டேன். மீதிப் பாதியை நீ சொல்.

அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

ஆறாம் தேதி முடியாது. காரணம் கேட்காதே, லீவு இல்லை. பிள்ளைகளிடம் பாதி சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்.

அக்கா, இதை இவ்வளவு மனதில் போட்டுக்கொள்ளாதே. யார் ஜெயித்தால் என்ன, இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. தலைமையாசிரியரை முறைத்துக்கொண்டு நீ அங்கே எத்தனை நாள் காலம் தள்ள முடியும்? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உடம்பு விசாரிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஓட்டு அருமையாக நடந்தது. இருநூற்று எண்பத்தாறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒருவன் இரண்டு பெயருக்கும் மீசை வரைந்துவிட்டான், அதைச் செல்லாதது என்று சொல்வதற்குள் முகவர்கள் இருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். எண்ணி முடித்தோம். சாவி 161. கோப்பை 118. செல்லாதவை 7. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தோம்.

அப்போது தலைமையாசிரியர் வந்தார். "எல்லாத்தையும் என் ரூம்ல வைங்க, பத்திரமா இருக்கும். காலைக் கூட்டத்துல நானே அறிவிக்கிறேன்" என்றார். உன் தாளில் பத்தாவது வேலை அதுதானே, மேலிடத்தில் ஒப்படைப்பது. பெட்டி, சீட்டு, தாள் எல்லாவற்றையும் கொடுத்தேன்.

காலையில் மைக்கில் சொல்கிறார், கோப்பை 161, சாவி 118 என்று! கூட்டத்தில் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்புப் பலகையில் முடிவுத் தாள் ஒட்டியிருந்தது, கையெழுத்தோடு, எல்லாம் முறையாக. அவர் அறைக்கு ஓடினேன். சீட்டுகள் எங்கே என்றேன். பழைய பேப்பரோடு போட்டாயிற்றாம். "அதிகாரிங்க வர்ற நேரத்துல கழிப்பறை கழிப்பறைனு கத்துற பொண்ணு மேடையில நிக்கணுமா டீச்சர்? சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, விடுங்க" என்றார். நீ எழுதினாயே, அதே வார்த்தை.

இதோடு முடியவில்லை. கொசு நூலகத்திலிருந்து சாவடி அதிகாரிகளுக்கான பழைய கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுல பதினொண்ணு இருக்கு. நம்ம சுவத்துல பத்துதான் இருக்கு" என்றாள். எண்ணி முடித்ததும், பெட்டியை அறையைவிட்டு எடுக்கும் முன்னால், முடிவுத் தாளின் ஒரு பிரதியை அறைக் கதவில் ஒட்டவேண்டும், முகவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி தரவேண்டும். இதுதான் விட்டுப்போனது. அன்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் இந்த மனுஷனால் வாய் திறந்திருக்க முடியுமா?

பதினாலு வருஷம் செய்த வேலையில் இதை மறந்தாயா? எப்படியடா மறந்தாய்?

அக்கா


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

பதில் இல்லை. பத்தொன்பது நாள் ஆகிறது. கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைத்தால், ஆமாம், கோபத்தில்தான் எழுதினேன், இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பதில் எழுது. உன் வயிறு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

அக்கா


செப்டம்பர் 3

அண்ணிக்கு வணக்கம்.

இங்கே பிள்ளைகள் சுகம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்கு முன்பே ஜூன் முதல் வாரத்தில் ஒரு பழுப்பு உறை வந்தது, அன்றிலிருந்துதான் வயிறு மோசம். இத்தனை நாள் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார். போன வாரம் எடுத்துப் படித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் நடந்த தேர்தல் பற்றி விசாரணையாம். அக்டோபர் இருபதில் இவர் போய்ச் சாட்சி சொல்ல வேண்டுமாம். இவருடைய மேலதிகாரி இரண்டு தடவை வீட்டுக்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன என்று கேட்டால், "ஆபீஸ் வேலை, உனக்குப் புரியாது" என்கிறார். பதினொரு வருஷமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்கு எது புரியாது?

நீங்கள் கேட்டால் சொல்வார் அண்ணி. என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டில்


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வயிறு அப்படியேதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பலகையில் ஒட்டிய தாளில் கையெழுத்து முறையாக இருந்தது என்று எழுதியிருந்தாய். யாருடைய கையெழுத்து? எப்போது போட்டது?

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

இங்கே நல்ல மழை. முழங்கால் வீங்கி இரண்டு நாள் லீவு போட்டேன். உனக்கு இஞ்சி ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேள்.

வகுப்பில் யாரும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மரியாதைக் குறைவு இல்லை, எழுந்து நிற்கிறார்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள். அவ்வளவுதான். கொசு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அந்த ரீங்காரம் இல்லாமல் வகுப்பு தாங்கவில்லை. நேற்று நோட்டு வாங்கும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். நீல மையில் 161–118 என்று எழுதியிருக்கிறது. என்ன இது என்றேன். "எண்ணி முடிச்ச உடனே எழுதினேன் டீச்சர். அழிய அழியத் தினமும் மேல எழுதிக்கிறேன்" என்றாள். ஆறு வாரமாகிறது. எத்தனை நாள் எழுதுவாய் என்றேன். கையை மூடிக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டாள்.

நீ அலுவலகத்தில் ஏதாவது கஷ்டத்தில் இருக்கிறாயா? இருந்தால் என்னிடம் சொல்லடா.

அக்கா


செப்டம்பர் 29

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். என் கேள்விக்கு நீ மழையைப் பற்றியும் இஞ்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலேயே கையெழுத்துப் போட்டாய். நான் சொன்னேன் என்று போட்டாய். என்னிடம் அதைச் சொல்லாமல் விட்டதும் எனக்காகத்தான்.

நான் மறக்கவில்லை அக்கா. அந்தப் பதினோராவது வேலையை எழுத மூன்று தடவை பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாவடிக்கு நான்தான் அதிகாரி. காலையில் வெற்றுத் தாள்களில் வழக்கம்போல வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் எண்ணினோம். ஒருவருக்கு 412, மற்றவருக்கு 297. தாளைக் கதவில் ஒட்டப் பசையைத் தடவிவிட்டேன். மேலதிகாரி வந்தார். "மழை வருது, நனைஞ்சிடும். ஆபீஸ்ல ஒட்டிக்கலாம், வண்டியில ஏறு" என்றார். தூறல்கூட இல்லை. ஏறினேன். மறுநாள் நான் பார்த்த தாளில் 212, 497. கீழே என் கையெழுத்து. தொகுதியே முந்நூற்றுப் பத்து ஓட்டில்தான் முடிவானது. என் ஒரு அறையில் எல்லாம் புரண்டுவிட்டது.

யாரும் என்னை மிரட்டவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த மாதம் பதவி உயர்வு கொடுத்து ஜன்னலோரம் மேசை போட்டார்கள். உட்கார்ந்துகொண்டேன். இப்போது இருபதாம் தேதி விசாரணை. 'ஞாபகம் இல்லை' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார் அந்த மேலதிகாரி. சரி என்று தலையாட்டியிருக்கிறேன். இந்த ஆள் வந்து உன் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்துவான்?

தம்பி


அக்டோபர் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னை நன்றாகத் திட்டவேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. உன்னைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில் எண்களை எழுதினேன். இன்னொன்றை வெறுமையாகவே அவர் கையில் கொடுத்தேன். ஆகஸ்ட் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். "அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான், வெற்றுத் தாளில் போட்டேன்" என்றேன். கொசு எழுந்தாள். "எண்ணுறதுக்கு முன்னாடியே போட்டீங்களா டீச்சர்?" ஆமாம் என்றேன். "யாரு அப்படிச் சொல்லிக்குடுத்தா?" யாரும் இல்லை, என் புத்திதான் என்றேன். உன்னை இழுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளைகள் முன்னால். கோப்பை எழுந்து, "எனக்கு நூத்திப் பதினெட்டுன்னு அன்னிக்கே தெரியும் டீச்சர். சும்மா இருந்துட்டேன்" என்று சட்டையில் குத்தியிருந்த தலைவர் வில்லையைக் கழற்றி என் மேசையில் வைத்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்த வில்லையை அவன் சட்டையில் திரும்பக் குத்திவிட்டார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, வேலை என்ன ஆகுமோ. கழிப்பறை பூட்டியபடியே இருக்கிறது. சரியான எண்களை எழுதி, என் தப்பையும் எழுதி, கையெழுத்துப் போட்டு வகுப்புக் கதவில் ஒட்டினேன். கிழித்தார். மறுபடி ஒட்டினேன். இதுவரை நாலு தடவை. ஐந்தாவது தடவை நான் மாடி ஏறி வருவதற்குள் பிள்ளைகளே எழுதி ஒட்டியிருந்தார்கள், கோப்பையின் கையெழுத்தில். கொசு இன்னும் உள்ளங்கையில் எழுதுவதை நிறுத்தவில்லை. பலகையில் இருப்பதை மாற்றும்வரை நிறுத்தமாட்டாளாம்.

இருபதாம் தேதி என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போகாதே.

அக்கா


அக்டோபர் 22

அக்காவுக்கு,

நேற்று இரண்டு வேளையும் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். உன் மருமகள்கள் இருவரும் நலம். அவர்களுடைய அம்மா என்னோடு பேசுகிறாள், முன்பைவிட அதிகமாகவே திட்டுகிறாள்.

உன் வகுப்புக்கு வருகிறேன். எந்த நாள் என்றாலும் சரி, எனக்கு இப்போது நேரம் நிறைய. நேற்று மாலையே வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஆணை கொடுத்துவிட்டார்கள். இனி என் மேல் வழக்கு வரலாம். விசாரணையில் என்ன முடிவாகும் என்று யாருக்கும் தெரியாது, ஒன்றும் ஆகாமலும் போகலாம். பிள்ளைகளிடம் என்னைத் தேர்தல் அதிகாரி என்று சொல்லாதே. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த தம்பி என்று சொல். கொசு கேட்டாளே, அவளுக்குப் பதில் தரவேண்டும்.

விசாரணை அறை சின்னது. மேலதிகாரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும்போதுகூட என் தோளைத் தட்டி, "ரெண்டே வார்த்தை" என்றார். என் நாக்கை எனக்குத் தெரியும் அக்கா, அவர் முகத்தைப் பார்த்தால் அது புரண்டுவிடும். அதனால் பேருந்திலேயே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். அன்று உங்கள் சாவடியில் எண்ணிக்கை எவ்வளவு என்று விசாரணை அதிகாரி கேட்டார். கையை மேசை மேல் விரித்து வைத்தேன். வியர்வையில் கொஞ்சம் கலங்கியிருந்தது, ஆனால் 412–297 என்று வாசிக்க முடிந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றார்.

"கதவுல ஒட்டாம விட்டது சார்" என்றேன்.

உன் தம்பி